பிஃபோர் பொண்ணு

ஜான்சன் சாரை உங்களுக்குத் தெரியாது என்று சொன்னால் நான் நம்ப மாட்டேன். உங்கள் போனில் நெட் இருந்தால் அவரும் இருப்பார். நீலக் கோட்டு, வெள்ளை ஷூ, கையில் மார்க்கர் பேனா. "முப்பது நாள் என்கூட இருங்க, முப்பத்தியோராம் நாள் நீங்க வேற ஆளு" என்று சொல்லிவிட்டு, அந்தப் பேனாவால் நம் மூக்கைக் குறிபார்ப்பார். தள்ளிவிட்டாலும் போக மாட்டார். இரண்டு சமையல் வீடியோ தாண்டியதும் திரும்ப வந்து நிற்பார்.

செங்கல்பட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், செல்போன் கடை மாடியில், பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளோடு ஆரம்பித்தவர். அதை நான் கிண்டல் செய்ய மாட்டேன். அவருடைய அப்பா சின்னையன் அடுத்தவர் கழனியில் கூலிக்கு நாற்று நட்டவர். என் அம்மாவைப் பெற்றவர்களும் அதையேதான் செய்தார்கள். அந்த மாடியில் சார் உண்மையாகவே பாடம் நடத்தினார், தொண்டை கட்டும்வரை நடத்தினார் என்று பழைய மாணவர்கள் இன்றும் சொல்கிறார்கள். பிறகு ஒருநாள் போனை ஸ்டாண்டில் மாட்டினார். அன்றோடு பாடம் முடிந்து புகழ் தொடங்கியது.

நான்கே வருடத்தில் பதினெட்டு லட்சம் பேர் பின்னால் வந்தார்கள். படூரில் கண்ணாடி வைத்த இரண்டு மாடி ஆபீஸ் வந்தது. ஏதோ ஒரு தீவில் இருக்கும் பல்கலைக்கழகம் டாக்டர் பட்டம் கொடுத்தது. அந்தத் தீவை மேப்பில் தேடிப் பார்த்தேன், கடல்தான் தெரிந்தது.

சர்ச்சைகளும் வந்தன. முதல் சர்ச்சை, நேரலையில் சந்தேகம் கேட்ட ஒருவரை "நீ மாடு மேய்க்கத்தான் லாயக்கு" என்று சொன்னது. ஊரே திட்டியது. மறுநாள் சார் ஒரு பசுமாட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கண்ணீரோடு மன்னிப்புக் கேட்டார். மாடு தலையைத் திருப்பிக்கொண்டது. ஆனாலும் அந்த வீடியோவை நாற்பது லட்சம் பேர் பார்த்தார்கள். அதுவரை அவருடைய எந்தப் பாடத்தையும் அவ்வளவு பேர் பார்த்ததில்லை. இரண்டாவது சர்ச்சை, தமிழ் மீடியத்தில் படிப்பது ஒரு வியாதி என்று பேசியது. அதற்குப் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு வந்து மன்னிப்புக் கேட்டார். அறுபது லட்சம். மூன்றாவது சர்ச்சை நான்.

என் பெயர் அன்பரசி. மாமல்லபுரம். செங்கல்பட்டில் பி.ஏ. இங்கிலீஷ் படித்தேன். எனக்கு ஒரே ஒரு ஆசைதான், போர்டுக்கு முன்னால் நின்று பாடம் சொல்லித் தர வேண்டும். நாவலூரில் இருக்கும் கம்பெனிகளில் முயற்சி செய்தேனே தவிர, மனசு அங்கே இல்லை. அவர்களுக்கும் என்மேல் மனசு இல்லை. ஒரு கம்பெனியில் ஒரு மேடம் என்னிடம் பத்து நிமிடம் பேசிவிட்டு, "உங்க இங்கிலீஷ் நல்லாத்தான் இருக்கு, ஆனா கைடு பேசற மாதிரி இருக்கு" என்றார். ஏழு கடல் தாண்டி வந்தவர்களுக்குப் புரிகிற இங்கிலீஷ், ஏழாம் மாடியில் இருப்பவர்களுக்குப் பிடிக்கவில்லை.

அவர் சொன்னதில் தப்பில்லை. என் இங்கிலீஷ் கடற்கரையில் கற்றதுதான். சொல்லிக் கொடுத்தது என் அம்மா பாப்பா. இருபத்திரண்டு வருடமாகக் கோயில் பக்கத்து மணலில் பாசிமணி மாலையும் கல்மாலையும் விற்கிறாள். ஒரு எழுத்துகூட எழுதத் தெரியாது. ஆனால் வெள்ளைக்காரர்கள் பேசுவதில் புது வார்த்தை ஏதாவது காதில் விழுந்தால், அதற்கு அர்த்தம் கேட்டு, சாயந்திரம் வரைக்கும் வாயிலேயே வைத்திருந்து வீட்டுக்குக் கொண்டுவருவாள். மற்ற வீடுகளில் அம்மாக்கள் வடை வாங்கி வருவார்கள். என் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தபடியே, "அன்பு, இன்னிக்கு 'அலர்ஜி'ன்னு ஒன்னு கொண்டாந்துகீறேன், எழுதிக்க" என்பாள். ஐந்தாம் வகுப்பில் என் டீச்சருக்கே தெரியாத வார்த்தைகள் என் நோட்டில் இருந்தன.

அம்மாவுக்குப் பெரிய சாமி பக்தியெல்லாம் கிடையாது. அவளுக்கு இருப்பது போணி பக்தி. காலையில் முதலில் வந்து விலை கேட்கிறவருக்குப் பதில் சொல்லாமல் விட்டால் அன்றைய நாளே போச்சு என்பாள். ஒருமுறை பல் விளக்கிக்கொண்டிருக்கும்போது ஒரு ஜெர்மன்காரி வாசல் வழியாகப் போனவள் மாலையைப் பார்த்து விலை கேட்டுவிட்டாள். அம்மா வாய் நிறைய நுரையோடு விலை சொன்னாள். அவளும் வாங்கினாள். காய்ச்சலோ, தலைவலியோ, வீட்டில் சண்டையோ, போணி கேள்விக்கு அம்மா பதில் சொல்லாமல் விட்டு நான் பார்த்ததில்லை.

ஜான்சன் சார் ஆபீசில் ட்ரெயினர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போனேன். சாரே இன்டர்வியூ செய்தார். நான் பேசப் பேச அவர் முகம் மலர்ந்தது. வேலை கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். கடைசியில் அவர் கேட்டார்:

"சூப்பரா பேசற மா. இதையே கேவலமா பேச வருமா?"

எனக்குப் புரியவில்லை. அவர் பொறுமையாக விளக்கினார். அவருடைய கோர்ஸ் விற்பதே பிஃபோர், ஆஃப்டர் வீடியோவால்தான். முதல் நாள் திக்கித் திணறும் மாணவி, முப்பதாம் நாள் வெளுத்து வாங்க வேண்டும். முப்பது நாளில் யாரும் அப்படி வெளுப்பதில்லை என்பது அவருக்கும் தெரியும். ஆகவே நன்றாகப் பேசத் தெரிந்த ஒருவரைப் பிடித்து, தெரியாத மாதிரி பேச வைப்பதுதான் சுலபம். தெரியாதவரைத் தெரிந்த மாதிரி பேச வைக்க முப்பது வருடம்கூட ஆகலாம். ஒரே ஒரு பிஃபோர் நடித்துக் கொடுத்தால் ட்ரெயினர் வேலை எனக்குத்தான் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டேன். வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் போர்டு கண்ணில் தெரிந்தது.

ஷூட்டிங் எங்கள் ஊர்க் கடற்கரையிலேயே. கேமராமேன் சுஹைப் தொழில் தெரிந்தவர். முகம் பளிச்சென்று இருக்கும் காலையில் ஆஃப்டரை எடுத்துவிட்டு, வெயிலில் வேர்த்து வழிந்தபின் பிஃபோரை எடுப்பார். காலையில் இஸ்திரி போட்ட சட்டை, பவர் இல்லாத கண்ணாடி. மத்தியானம் தலை நிறைய எண்ணெய், சாயம் போன சுடிதார். ஆஃப்டர் ஒரே டேக்கில் முடிந்தது. பிஃபோருக்குப் பதினோரு டேக் ஆனது. வேண்டுமென்றே தப்பாகப் பேசுவது அவ்வளவு சுலபமில்லை. வாய் தானாகச் சரியான இடத்துக்குப் போய்விடுகிறது.

பதினோராவது டேக் முடிந்ததும் சாருக்கு ஒரு யோசனை வந்தது. கடைசியில் தமிழில் ஒரு வரி சேர்த்தால் சென்டிமென்ட் வொர்க் அவுட் ஆகும் என்றார். "எங்க வூட்ல யாருக்கும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது சார்." அதைச் சொல்லிவிட்டுத் தலையைக் குனிய வேண்டும். குனிந்தேன். அது ஒரே டேக்கில் ஓகே ஆனது. அம்மா அந்த நேரத்தில் இருநூறு அடி தள்ளி, ஒரு ஆஸ்திரேலியத் தம்பதியிடம் எந்த ஹோட்டலில் மீன் நன்றாக இருக்கும் என்று இங்கிலீஷில் விளக்கிக்கொண்டிருந்தாள்.

அன்றைக்கு மாசி மகம். எங்கள் ஊரில் மாசி மகம் என்றால் என்னவென்று சாருக்குத் தெரியவில்லை. வருடத்தில் அந்த ஒரு பௌர்ணமிக்கு இருளர் ஜனங்கள் எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக எங்கள் கடற்கரைக்கு வருவார்கள். மணலில் கம்பு நட்டு, பழைய புடவைகளைச் சுற்றிக் கட்டித் தங்குவார்கள். விடியலில் கன்னியம்மனைக் கும்பிடுவார்கள், கல்யாணம் நடத்துவார்கள். சாயந்திரம் கம்பைப் பிடுங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அடுத்த மாசி மகம் வரை அங்கே வெறும் மணல்தான். எங்கள் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். சார் செங்கல்பட்டு மாடியிலிருந்து நேராகப் படூர் மாடிக்குப் போனவர்.

"சார், ரெண்டுலயும் பின்னாடி புடவ கொட்டாய்ங்க தெரியுது" என்று நான் சொன்னேன். சொன்னேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

"தெரியட்டுமே. ஜனம் இருந்தாத்தான் ஃப்ரேமு உயிரோட கீது" என்றார் டாக்டர் ஜான்சன். வேலைக்கு வந்தவள் வாயை மூடிக்கொண்டேன்.

பங்குனிக் கடைசியில் வீடியோ வந்தது. முதல் நாள் என்று எழுதிய பிஃபோர், முப்பதாம் நாள் என்று எழுதிய ஆஃப்டர். இரண்டு நாளில் முப்பது லட்சம் பேர் பார்த்தார்கள். நான் திக்கிய இடத்தை மட்டும் வெட்டி எடுத்து மீம் போட்டார்கள். பஸ்ஸில் காலேஜ் பெண்கள் என்னைப் பார்த்து "பிஃபோர் பொண்ணு டீ" என்று கிசுகிசுத்தார்கள். ஆஃப்டர் பொண்ணு என்று ஒருத்திகூடச் சொல்லவில்லை.

அம்மாவுக்குப் பாசிமணி சப்ளை செய்கிற மொய்னுதீன் பாய் எங்கள் ஊரில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறார். அவர் போனில்தான் அம்மா அதைப் பார்த்தாள். கடைசி வரி வரைக்கும் பார்த்தாள். வீட்டுக்கு வந்து என்னிடம், "மைக்கு நல்லாத்தான் வெச்சிகீறாங்க, நீ பேசறது தெளிவா கேக்குது" என்றாள். அன்றைக்குப் புது வார்த்தை எதுவும் கொண்டுவரவில்லை. மறுநாளும் கொண்டுவரவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் கத்தி, அழுது, முடித்திருப்பேன்.

மொய்னுதீன் பாய்க்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. பாப்பா வீட்டில் யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது என்று கேட்டதும் அவருக்குப் பற்றிக்கொண்டு வந்ததாம். வீடியோவை நாலு தடவை நிறுத்தி நிறுத்திப் பார்த்துவிட்டுக் கீழே எழுதினார்: "சார், எங்க ஊர்ல மாசி மகம் வருசத்துக்கு ஒரு தடவதான் வரும். உங்களுக்கு மட்டும் முப்பது நாளைக்கு ஒரு தடவ வருதா?"

அவ்வளவுதான். சாயந்திரத்துக்குள் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி ஊரே பரப்பியது. இரண்டிலும் அதே ஆரஞ்சுப் புடவைக் கொட்டாய், அதே கிழிசல். இரண்டிலும் அதே கம்பில் கட்டிய அதே கறுப்பு ஆடு. முப்பது நாளாக அது ஒரு அடிகூட நகரவில்லை என்று சிலர் கவலைப்பட்டார்கள். சேர்ந்தவர்கள் கோர்ஸை விட்டு விலக ஆரம்பித்தார்கள்.

சார் என்னைப் படூருக்குக் கூப்பிட்டார். இந்தத் தடவை மாட்டைக் கட்டிப்பிடித்தால் போதாது என்று அவருக்கே தெரிந்திருந்தது. மேஜைமேல் ஒரு அப்பாயின்ட்மென்ட் லெட்டர். பக்கத்தில் நீலக் கயிறு கோத்த ஐ.டி. கார்டு. என் போட்டோ, என் பெயர், கீழே 'ட்ரெயினர்'. லெட்டரில் கையெழுத்து மட்டும் பாக்கி.

மறுநாள் காலை நேரலை. ஷூட்டிங்கில் தேதி குளறுபடியாகி இருக்கலாம், ஆனால் பொண்ணுக்கு இங்கிலீஷ் தெரியாமல் இருந்தது சத்தியம் என்று நிரூபிக்க வேண்டும். அதற்கு என் அம்மா வந்து சொன்னால் போதும் என்றார். பெற்றவள் பொய் சொல்வாளா என்று ஜனங்கள் நம்புவார்களாம். மாலைப் பையோடு அப்படியே வரச் சொன்னார், பார்க்க இயற்கையாக இருக்குமாம்.

நான் வீட்டுக்கு வந்து விஷயத்தைத் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "சொன்னா உனக்கு டீச்சர் வேல குடுத்துடுவாங்களா?"

குடுப்பார்கள் என்றேன்.

"அப்ப சொல்லிட்டுப் போறேன். எனக்கு இன்னா கொறையப் போவுது" என்றாள். மாட்டேன் என்று சொல்வாள், அந்தச் சாக்கில் நானும் தப்பித்துக்கொள்ளலாம் என்று உள்ளுக்குள் நினைத்திருந்தேன். அவள் எனக்கு அந்த வழியைக் கொடுக்கவில்லை.

காலையில் கார் அனுப்பினார்கள். அம்மா அதில் பையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். படூர் ஆபீசில் ஏசி, விளக்குகள், சோபா. அம்மாவை நடுவில் உட்கார வைத்து, பையைத் திறந்து மாலைகள் வெளியே தெரிகிற மாதிரி சுஹைப் சரிசெய்தார். நான் பக்கத்தில். ஐ.டி. கார்டு எதிரே மேஜையில், கேமராவுக்குத் தெரியாத இடத்தில், எனக்கு மட்டும் தெரிகிற இடத்தில். ஒன்பதாயிரம் பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சார் அம்மாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தார். "அம்மா, உண்மையச் சொல்லுங்க. என்கிட்ட வர்றதுக்கு முன்னாடி உங்க பொண்ணு இங்கிலீஷ் பேசுமா?"

"பேசாது சார்."

"உங்களுக்கு?"

அம்மா என்னைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "நான் தற்குறி சார். எனக்கு இன்னா தெரியும்? எங்க வூட்ல யாருக்கும் ஒரு வார்த்தை இங்கிலீஷ் தெரியாது சார்."

நான் சொன்ன அதே வரி. ஒரு எழுத்து மாறாமல் அதையே சொன்னாள். போனில் கேட்டு மனப்பாடம் செய்திருக்கிறாள். திரையில் இதயங்கள் பறந்தன. சாருக்கு உற்சாகம் தாங்கவில்லை. "இப்பவே ஒரு வரி கத்துக்கறீங்களாம்மா? நான் சொல்றத திருப்பிச் சொல்லுங்க. மை நேம் இஸ் பாப்பா."

அம்மா உதட்டை நனைத்துக்கொண்டாள். "மயி..." என்றாள். நிறுத்தினாள். "மயி நேமு..." வெட்கப்பட்டுத் தலைப்பால் வாயை மூடினாள். சார் சிரித்தார், சுஹைப் சிரித்தார், ஒன்பதாயிரம் பேரும் சிரித்திருப்பார்கள். "பயப்படாதீங்கம்மா, இன்னொரு தடவ" என்று அவள் தோளைத் தட்டினார். அம்மா இன்னும் மோசமாகச் சொன்னாள். சார் கேமராவைப் பார்த்துக் கண்கலங்கினார். "பாத்தீங்களா மக்களே? இந்த மாதிரி வூட்லேர்ந்து வந்த பொண்ண, நான்தான் பேச வெச்சேன்."

அலர்ஜி என்ற வார்த்தையை அலர்ஜி வந்த மனுஷியிடமே கேட்டு வாங்கி வந்தவள், தன் பெயரைச் சொல்லத் தெரியாதவளாக எனக்காக உட்கார்ந்து வழிகிறாள். ஐ.டி. கார்டைப் பார்த்தேன். அதில் என் போட்டோ சிரித்துக்கொண்டிருந்தது. அந்தச் சிரிப்பை அறைய வேண்டும் போல இருந்தது.

மணி பத்து. அம்மாவுக்கு இன்னும் போணி ஆகவில்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். பையிலிருந்து நீலக் கல்மாலை ஒன்றை எடுத்து அவள் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, இங்கிலீஷில் கேட்டேன், "எக்ஸ்கியூஸ் மீ, ஹௌ மச் ஃபார் திஸ் ஒன்?"

அம்மாவின் முதுகு நிமிர்ந்தது. "டூ ஹண்ட்ரட் ஒன்லி, மேடம். யூ ஆர் மை ஃபர்ஸ்ட் கஸ்டமர் டுடே, ஸோ லக்கி பிரைஸ். ரியல் ஸ்டோன், கலர் வில் நெவர் கோ. இஃப் யூ ஹாவ் எனி ப்ராப்ளம், கம் பேக் டுமாரோ. டுவென்டி டூ இயர்ஸ் ஐ யாம் ஹியர், ஆஸ்க் எனிபடி."

சொல்லி முடித்த பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்கு நினைவு வந்தது. தலைப்பு மறுபடி வாய்க்குப் போனது, இந்தத் தடவை நிஜமாக.

சாதாரண மனிதராக இருந்தால் எழுந்து ஓடியிருப்பார். ஜான்சன் சார் கேமராவைப் பார்த்துப் புன்னகைத்தார். "பாத்தீங்களா மக்களே? ஒரே ஒரு வரிதான் சொல்லிக் குடுத்தேன்" என்றார். சுஹைப்புக்கே தாங்கவில்லை, நேரலையை அணைத்துவிட்டார்.

விளக்குகள் அணைந்ததும் சார் ஐ.டி. கார்டை எடுத்து டிராயரில் போட்டார். லெட்டரை நாலாகக் கிழித்தார். திரும்பிப் போகக் காரும் இல்லை.

அவருக்காக யாரும் வருத்தப்பட வேண்டாம். மறுவாரமே எங்கள் ஊர் மணலில் லுங்கியோடு உட்கார்ந்து, கழுத்தில் பாசிமணி போட்டுக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். எண்பது லட்சம். பாசிமணியை மொய்னுதீன் பாய் கடையில்தான் வாங்கினார்களாம், பாய் இரட்டை விலை சொன்னாராம். இப்போது 'கடற்கரை இங்கிலீஷ்' என்று புது கோர்ஸ் விற்கிறார். கூட்டம் நன்றாக இருக்கிறது என்று கேள்வி.

நாங்கள் அன்றைக்குப் பஸ்ஸில்தான் திரும்பினோம். அம்மா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். கேளம்பாக்கம் போனது, திருப்போரூரும் போனது. அதற்கப்புறம்தான் வாயைத் திறந்தாள்.

"ஏண்டி கேட்ட? உனக்கோசரம்தான தெரியாதுன்னு சொல்லிகினு இருந்தேன்."

"நீ தெரியாத மாரி ஒக்காந்துகினு இருக்கறத என்னால பாக்க முடியல ம்மா" என்றேன். அழுதுவிட்டேன். முன் சீட்டில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டுப் போகட்டும்.

அம்மா பைக்குள் கையை விட்டு அந்த நீல மாலையை எடுத்து என் மடியில் போட்டாள்.

"போணி கேட்டல்ல? கேட்டுட்டு வாங்காம போவக் கூடாது. எடு டப்ப."

நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு இருநூறு ரூபாய் எடுத்துக் கொடுத்தேன். பேரம் பேசவில்லை. அவள் அதை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு சுருக்குப் பையில் வைத்தாள். பிறகு என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, கொஞ்சம் கூச்சத்தோடு கேட்டாள்.

"ஆனா, தெரியாத மாரி நல்லாத்தான பேசுனேன்?"

"நல்லா பேசுன ம்மா" என்றேன். "எனக்குப் பதினோரு தடவ ஆச்சு. நீ ஒரே தடவைல பேசிட்ட."